8.9இலேயே நிற்பது ஏன்? சுப்பர்சார்ஜர் பூட்டிய வீதிக் காருக்கு எஞ்சின் கட்டுதல்

சுப்பர்சார்ஜர் (எஞ்சினின் சுழற்சியாலேயே ஓடி, சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் அமுக்கி) உள்ள எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் புதிதாகக் கட்டப் போகிறேன் என்று கொழும்பில் யாரிடம் சொன்னாலும், "கொம்ப்ரெஷன் எவ்வளவு வைக்கப் போறீங்கள்?" என்பதே முதற் கேள்வியாக வருகிறது. கேட்பது அமுக்க விகிதத்தை: பிஸ்டன் கீழே நிற்கும்போது சிலிண்டரில் உள்ள இடம், அது மேலே வரும்போது எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பதை. கேட்பவர்களில் பாதிப் பேர் 8 என்றும் மீதிப் பேர் 10 என்றும் தாமே விடை சொல்லிவிட்டு, அந்த விடைக்கு ஏற்ற பிஸ்டனை எங்கே எடுக்கலாம் என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். கேள்வியில் குறையில்லை, ஆனால் அது கேட்கப்படும் இடம் தவறு என்பதே என் எண்ணம். எந்தப் பெற்றோலில் ஓடப்போகிறது, சிலிண்டருக்குள் போகும் காற்று எவ்வளவு சூடாக இருக்கப்போகிறது, கார் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை எந்த வேகத்தில் கழிக்கப்போகிறது என்ற மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு, அமுக்க விகிதம் ஏறத்தாழத் தானாகவே வந்து சேரும். அந்த மூன்றையும் விட்டுவிட்டு எண்ணைப் பிடிப்பவர்கள், குளிர்நாட்டுக் காரொன்றின் எண்ணைக் காலி வீதியில் ஓட்டுகிறார்கள்.

என்னிடம் இருப்பது தொயோட்டாவின் 4ஏ-ஜிஸெட்ஈ. 1986ஆம் ஆண்டு வெளிவந்த எம்ஆர்2 வகையில் முதலில் பூட்டப்பட்ட இந்த எஞ்சின், 81 மி.மீ. போரும் (சிலிண்டரின் விட்டம்) 77 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கொண்ட 1587 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின். அதன் பக்கத்தில் எஸ்சி12 என்ற ரூட்ஸ் வகைச் சுப்பர்சார்ஜர், சுற்றொன்றுக்கு ஏறக்குறைய 1.2 லீற்றர் காற்றைத் தள்ளுகிறது. ஆரம்ப வகைகளில் அமுக்க விகிதம் 8.0ஆகவும் வலு 145 பிஎஸ் (மெற்றிக் குதிரைவலு) ஆகவும் இருந்தன. பின்னர் விகிதத்தை 8.9க்கு உயர்த்தி, கொரோலா லெவின் ஏஈ101இல் 170 பிஎஸ் வரை கொண்டு போனார்கள். பூஸ்டை, அதாவது வெளிக்காற்றின் அமுக்கத்துக்கு மேலாகச் சுப்பர்சார்ஜர் தரும் அமுக்கத்தை, கூட்டியபோதே விகிதத்தையும் கூட்டினார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். "பூஸ்ட் கூடினால் விகிதம் குறைய வேண்டும்" என்று பட்டறைகளில் சொல்லப்படும் விதியைத் தயாரிப்பாளரே பின்பற்றவில்லை. தன் எஞ்சினின் வெப்பத்தை நன்றாக அறிந்த ஒருவரால் அப்படிச் செய்ய முடியும்.

இந்தப் பழைய எஞ்சினுக்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. திறந்த பிறகும் வரிகளோடு சேர்த்து வரும் விலையைப் பார்த்தால், கையில் உள்ள தொண்ணூறுகளின் காரைச் செம்மையாகக் கட்டி வைத்திருப்பதே பலருக்குக் கட்டுப்படியான வழி. பஞ்சிகாவத்தையில் ஜப்பானிய எஞ்சின்களும் உதிரிப்பாகங்களும் இன்னும் கிடைக்கின்றன. எஞ்சினையே மாற்றுபவர்கள் மட்டும், புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் விடக்கூடாது.

இனிப் பெற்றோல். எமது நிரப்பு நிலையங்களில் 92, 95 என்று எழுதியிருப்பவை ஆர்ஓஎன் என்ற முறையில் அளந்த ஒக்டேன் எண்கள்; எண் கூடக்கூட, பெற்றோல் நேரத்துக்கு முன் தானாக வெடிக்காமல் தாங்கும். இணையத்தில் நாம் வாசிக்கும் சுப்பர்சார்ஜர் அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே பம்பில் எழுதப்படுவது ஆர்ஓஎன், எம்ஓஎன் என்ற இரு அளவீடுகளின் சராசரி. ஆகவே அவர்களுடைய 93 என்பது எமது கணக்கில் ஏறத்தாழ 98. அவர்களுடைய சாதாரண 87தான் எமது 92க்கு அருகில் நிற்பது. "93 ஒக்டேனில் 9.5 விகிதமும் 10 பிஎஸ்ஐ பூஸ்டும் பிரச்சினையில்லை" என்ற அமெரிக்கரின் வரியை வாசித்துவிட்டு, எமது 92 ஒன்றுதானே குறைவு என்று நினைப்பவர், உண்மையில் ஆறு எண் இடைவெளியில் நிற்கிறார். 95ஐ ஊற்றினாலும் மூன்று எண் குறைவு. எதனோல் 85 சதவீதம் கலந்த எரிபொருளை வைத்துச் சொல்லப்படும் எண்களை முற்றாகவே ஒதுக்கிவிட வேண்டும். 2022இல் கியூஆர் குறியீட்டைக் காட்டி வாராந்த ஒதுக்கீட்டில் பெற்றோல் அடித்த காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் ஒப்புக்கொள்வார்கள்: 95 கிடைக்காத நாளில் 92ஐ ஊற்றி வீடு வந்து சேரக்கூடிய எஞ்சினையே வீதிக் கார் என்று சொல்லலாம். 95இல் மட்டுமே உயிரோடு இருக்கும் எஞ்சினை நான் கட்ட விரும்பவில்லை.

அடுத்தது காற்றின் சூடு. இந்த விடயத்தில் வளமான பகுதி இதுதான். காற்றை அமுக்கினால் அது சூடாகும். திறன் குறைந்த அமுக்கியால் அமுக்கினால் இன்னும் சூடாகும். ரூட்ஸ் வகை தன் வயிற்றுக்குள் காற்றை அமுக்குவதில்லை. அள்ளிக் கொண்டுபோய் மறுபுறம் கொட்டுகிறது, அமுக்கம் அங்கேயே ஏற்படுகிறது. அதனால் அதன் அமுக்கும் திறன் 55 சதவீதம் அளவிலேயே இருக்கும். லிஸ்ஹோம் திருகு வகையும் மையவிலக்கு வகையும் 70 சதவீதத்தைத் தாண்டக்கூடியவை. கொழும்பில் ஒரு மத்தியானம் 32 பாகை என்று வைத்து, 0.55 பார் (ஏறக்குறைய 8 பிஎஸ்ஐ; 1 பார் என்பது ஏறத்தாழ வெளிக்காற்றின் அமுக்கம்) பூஸ்டுக்குக் கணக்குப் போட்டால், ரூட்ஸிலிருந்து வெளியேறும் காற்று ஏறக்குறைய 105 பாகை செல்சியசில் இருக்கும். இது பொனெட்டுக்கு வெளியேயிருந்து காற்றை இழுத்தால் வரும் கணக்கு. வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை மாலை நெரிசலில் ஊர்ந்து வந்த காரின் பொனெட்டுக்குள் 55 பாகைக் காற்று இருந்தால், அதே பூஸ்டில் வெளியே வருவது 130 பாகையைத் தாண்டிவிடும். வெறும் வடிகட்டியை எஞ்சினுக்குப் பக்கத்தில் திறந்து வைத்துவிட்டு அதன் இரைச்சலை ரசிப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் காசு கொடுத்தே வாங்கியிருக்கிறார்கள்.

அந்தக் காற்று சிலிண்டருக்குள் போய் மேலும் அமுக்கப்படும்போது என்ன நடக்கிறது என்பதே அமுக்க விகிதத்தின் கதை. தீப்பொறி விழுந்து தீமுகம் பரவிக்கொண்டிருக்கையில், மூலையில் இன்னும் எரியாமல் நிற்கும் கலவை தன் சூட்டிலும் அமுக்கத்திலும் தானாகவே வெடித்தால் அதுவே நொக்கிங். ஆகவே எமக்கு வேண்டியது அமுக்கலின் முடிவில் உள்ள வெப்பநிலை. 105 பாகையில் நுழையும் காற்றை 9 மடங்கு அமுக்கினால் முடிவில் ஏறக்குறைய 507 பாகை. 8 மடங்கு அமுக்கினால் 478 பாகை. விகிதத்தில் ஒரு முழு எண்ணை விட்டுக்கொடுத்ததற்குக் கிடைத்த கூலி 30 பாகைக்கும் குறைவு. இப்போது விகிதத்தை 9இலேயே வைத்துக்கொண்டு, வெப்ப உயர்வில் 65 சதவீதத்தை எடுத்துவிடும் இன்டர்கூலர் (அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) ஒன்றைச் சுப்பர்சார்ஜருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வையுங்கள். நுழையும் காற்று 58 பாகைக்கு இறங்கும். அமுக்கலின் முடிவில் 410 பாகை. கிட்டத்தட்ட 97 பாகைக் குறைவு. இன்டர்கூலர் இல்லாமல் இதே 410ஐ அடைய வேண்டுமானால் விகிதத்தை 6க்கு இறக்க வேண்டும்; அப்படியொரு எஞ்சினை யாரும் ஓட்ட விரும்பமாட்டார்கள். வாயுவைப் பற்றிய எளிய சமன்பாட்டில் போட்ட கணக்கு இது. உண்மையான சிலிண்டரில் சுவரின் சூடும் எஞ்சிய புகையும் சேர்ந்து எண்களை அசைக்கும். ஆனாலும் எந்தப் பக்கம் பணம் போக வேண்டும் என்பதில் ஐயமில்லை.

கொழும்பின் ஈரப்பதன் இதில் சிறு உதவி செய்கிறது. காற்றிலுள்ள நீராவி ஒட்சிசனின் இடத்தைப் பிடிப்பதால் வலுவில் மூன்று சதவீதம் போலக் குறையும். அதே நீராவி நொக்கிங்கையும் கொஞ்சம் தணிக்கும். கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை, கிடைத்தால் கிடைக்கட்டும்.

அப்படியானால் இன்டர்கூலரையும் வைத்து, விகிதத்தையும் 8க்கு இறக்கி, மிச்சத்தைப் பூஸ்டில் எடுக்கலாமே என்பது நியாயமான வாதம். பந்தயத் தடத்தில் நான் அதை ஏற்பேன். விகிதம் 9இலிருந்து 8க்கு இறங்கும்போது இலட்சிய வெப்பத் திறனில் இழப்பது நான்கு சதவீதம் போல. இந்த அளவு பூஸ்டுக்கு மேல் கூட்டும் ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் காற்றின் அளவில் கிடைப்பது நான்கு சதவீதம் போல; இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட்டினாலே இழந்ததைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். உச்ச வலு மட்டுமே குறியென்றால் கணக்கு அந்தப் பக்கம் சாய்கிறது. ஆனால் இந்தக் கார் உச்ச வலுவில் எவ்வளவு நேரம் நிற்கப்போகிறது? காலி வீதியிலும் மருதானையிலும் எக்சலேட்டரில் கால் பட்டும் படாமலும் ஊர்கிறது. அப்போது காற்றைச் சுப்பர்சார்ஜரைச் சுற்றித் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு திறந்திருக்கும், சுப்பர்சார்ஜர் வெறுமனே சுழலும் அல்லது எஸ்சி12இல் உள்ள மின்காந்தக் கிளட்ச் விடுபட்டு நின்றேவிடும். அந்த நேரம் முழுவதும் எஞ்சினுக்கு இருப்பது அதன் அமுக்க விகிதம் மட்டுமே. தெற்கு அதிவேகப் பாதையில் ஏறினாலும் எல்லை மணிக்கு 100 கிலோமீற்றர்தான்; முழு பூஸ்ட் என்பது கொட்டாவையில் உள்நுழைந்து வேகமெடுக்கும் சில விநாடிகள். இழக்கும் அந்த நான்கு சதவீதத்தை நெரிசலில் ஒவ்வொரு லீற்றரிலும் செலுத்த வேண்டும். கூடுதல் பூஸ்டை அனுபவிப்பதோ எப்போதாவது.

இங்கே பூஸ்ட் விகிதத்தையும் அமுக்க விகிதத்தையும் பெருக்கி "பயனுறு விகிதம்" ஒன்றைக் காட்டும் அட்டவணைகளைப் பற்றி ஒரு சொல். 0.55 பார் பூஸ்டில் சிலிண்டருக்குப் போகும் காற்றின் அமுக்கம் வெளிக்காற்றினதைப் போல 1.54 மடங்கு, அதுவே பூஸ்ட் விகிதம்; 8.9ஐ 1.54ஆல் பெருக்கினால் 13.7 வரும், பூஸ்ட் விகிதத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கும் இன்னொரு வழியில் 11.0 வரும். ஒரே எஞ்சினுக்கு இரண்டு விடைகள், இரண்டிலும் காற்றின் சூட்டுக்கு இடமேயில்லை. இரண்டு கார்களை ஒரே காலநிலையில், ஒரே இன்டர்கூலருடன் ஒப்பிட மட்டும் அவை உதவலாம். பிஸ்டன் வாங்குவதற்கு உதவா.

எனவே 8.9இலிருந்து 9.0 வரை என்பது என் இலக்கு, அதற்கு மேல் வேண்டாம். சுப்பர்சார்ஜர் இல்லாத சாதாரண 4ஏ-ஜிஈயின் 10.3 விகித வகையையோ 20 வால்வு வகையையோ வைத்துச் சுப்பர்சார்ஜர் பூட்டுபவர்கள், விகிதத்தை இறக்க, சிலிண்டர்களுக்கும் அவற்றை மூடும் ஹெட்டுக்கும் இடையில் தடித்த ஹெட் கெஸ்கட் போட்டால் போதும் என்கிறார்கள். இதைக் கணக்கில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 396.8 சிசி. 10.3 விகிதத்துக்கு மேலே எஞ்சும் அறை 42.7 சிசி, 8.9க்கு வேண்டியது 50.2 சிசி. இடைவெளியான 7.5 சிசியைக் கெஸ்கட்டால் மட்டும் நிரப்ப, அதன் தடிப்பை ஏறக்குறைய 1.5 மி.மீ. கூட்ட வேண்டும். அப்போது பிஸ்டனின் ஓரத்துக்கும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் இடையில் ஏறத்தாழ 1 மி.மீ. இருக்க வேண்டிய நெருக்கம் இரண்டரை மி.மீ. ஆகிவிடும். அந்த நெருக்கமே கலவையைப் பிதுக்கிக் கலக்கி, மூலையில் நிற்கும் எரியாத பகுதியைக் குளிர வைப்பது. நொக்கிங்கைக் குறைப்பதற்காக விகிதத்தை இறக்கப்போய், நொக்கிங்கைத் தடுக்கும் அமைப்பையே அழிப்பதில் பொருளில்லை. விகிதம் இறங்க வேண்டுமானால் அது பிஸ்டனின் குழிவால் இறங்கட்டும். நெருக்கம் இருந்தபடியே இருக்கட்டும்.

விகிதம் நாம் தேர்ந்தெடுக்காமலேயே ஏறிவிடும் வழிகளும் உண்டு, பழைய எஞ்சின்களில் குறிப்பாக. கொதித்துப் போன ஒவ்வொரு தடவையும் ஹெட்டைச் சீவியிருப்பார்கள், 0.3 மி.மீ. சீவினாலே அறையில் ஒன்றரை சிசிக்குக் கிட்டப் போய்விடும். தேய்ந்த சிலிண்டரை 81.5 மி.மீ. அளவுக்குப் போர் அடித்தால் கொள்ளளவு ஐந்து சிசி கூடும். இரண்டும் சேர்ந்தால், பெட்டியில் 8.9 என்று எழுதிய பிஸ்டன் எஞ்சினுக்குள் 9.2 ஆகிவிடும். ஆகவே ஹெட்டைக் கவிழ்த்து, பெர்ஸ்பெக்ஸ் தகட்டால் மூடி, அளவுக்குழாயால் எண்ணெய் விட்டு நான்கு அறைகளையும் அளக்காமல் எவரும் விகிதம் பேசக்கூடாது. எனக்கு வேலை செய்து தரும் லேத் பட்டறை முதலாளி இதைவிடக் கண்டிப்பானவர். "தம்பி, பிஸ்டன் கையில வந்த பிறகுதான் போர் அடிப்பன். தாளில அளவு எழுதிக்கொண்டு வராதீங்க," என்று அவர் சொல்வது முரட்டுத்தனமாகக் கேட்டாலும், சரியான முறை அதுவே. ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அதற்குரிய சிலிண்டரை அதற்கேற்ப முடிப்பதுதான் வேலை.

பிஸ்டனைத் தெரிவதில் வார்ப்பா, அடித்துருவாக்கியதா என்பது எனக்கு ஒரு கேள்வியே அல்ல. இந்த எஞ்சினுக்குத் தொயோட்டாவே அடித்துருவாக்கிய பிஸ்டனைத்தான் போட்டது. எந்த உலோகக் கலவை என்பதே கேள்வி. 4032 என்ற கலவையில் சிலிக்கன் 12 சதவீதம் அளவில் இருப்பதால் சூட்டில் குறைவாக விரியும். இடைவெளியை இறுக்கமாக வைக்கலாம், சத்தம் குறைவு, வளையப் பள்ளங்கள் நீண்ட காலம் உழைக்கும். 2618இல் சிலிக்கன் மிகக் குறைவு. அடிபட்டால் உடையாமல் நெளியும் இயல்பு அதற்கு உண்டு, ஆனால் அதிகம் விரிவதால் கூடுதல் இடைவெளி வேண்டும். காலையில் எழுப்பும்போது தட்டும், எண்ணெயும் கொஞ்சம் குடிக்கும். பந்தயக்காரர்கள் 2618ஐ எடுப்பார்கள். அரை பார் அளவு பூஸ்டில், அன்றாடம் ஓடும் காருக்கு நான் 4032ஐ எடுக்கிறேன். ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்கு நிற்க வேண்டிய எஞ்சின், எண்ணெய் குடிக்காமல் இருப்பதே நல்லது. வளையங்களின் முனை இடைவெளியைச் சாதாரண எஞ்சினுக்குரியதைவிடக் கூட்டி, மேல் வளையத்துக்கு 0.45 மி.மீ. அளவில் வைக்க வேண்டும். இறுக்கமாக விட்டால் சூட்டில் முனைகள் முட்டி, பிஸ்டனின் மேற்பகுதியையே பிய்த்துக்கொண்டு போகும்.

பல அடுக்கு உருக்குக் கெஸ்கட்டும் நல்ல ஹெட் ஸ்டட்களும் தேவை; அந்தக் கெஸ்கட்டுக்கு இரண்டு முகங்களும் மிக மென்மையாகச் சீவப்பட்டிருக்க வேண்டும் என்பதைத் தவிர அங்கே சொல்ல அதிகமில்லை. பஞ்சிகாவத்தையில் பிரபல பெயர்களைத் தாங்கிய போலி ஸ்பார்க் பிளக்குகளும் பேரிங்குகளும் கலந்து கிடப்பதால், பெட்டியைப் பார்த்தல்ல, கடைக்காரரைப் பார்த்தே வாங்க வேண்டும்.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டில் கைவைக்காமல் விடுவதே மேல். உள்ளெடுக்கும் வால்வும் வெளியேற்றும் வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் நீண்ட பந்தயக் கேமைப் போட்டால், காசு செலவழித்து அமுக்கிய காற்று நேரே புகைக்குழாயால் போய்விடும். கேமின் மூலம் விகிதத்தை ஏமாற்றிய ஒரு நல்ல எடுத்துக்காட்டும் உண்டு: 1993இல் மஸ்தா வெளியிட்ட யூனோஸ் 800இன் 2.3 லீற்றர் வீ6 எஞ்சின். லிஸ்ஹோம் சுப்பர்சார்ஜரை வைத்துக்கொண்டே விகிதத்தை 10 ஆக்கி, உள்ளெடுக்கும் வால்வைத் தாமதமாக மூடி, உண்மையான அமுக்கலைச் சுருக்கினார்கள். அது ஒரு தொழிற்சாலை முழுவதும் உட்கார்ந்து செய்த வேலை; லேத் பட்டறையில் போலச்செய்ய முயல வேண்டாம்.

எரிபொருள் பக்கத்தில் கணக்கு எளிது. 200 குதிரைவலுவுக்கு, சுப்பர்சார்ஜர் எஞ்சின் ஒவ்வொரு குதிரைவலுவுக்கும் மணிக்கு 270 கிராம் போல எரிக்கும் என்று வைத்தால், இன்ஜெக்டர் ஒன்று நிமிடத்துக்கு 306 சிசி தர வேண்டும். 85 சதவீதத் திறப்புக்கு மேல் போகாமல் இருக்க 360 சிசி. ஆகவே 440 சிசி வகை போதும், அதற்கு மேல் போனால் நெரிசலில் சீராக நிற்காது. பூஸ்டில் காற்றெரிபொருள் விகிதம் 12க்குக் கிட்ட, அதாவது எடையில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 12 பங்கு காற்றாக, நிற்க வேண்டும். பிளக் ஒரு படி குளிர்ந்ததாக, என்ஜிகே எண்ணில் ஒன்று கூடியதாக இருக்க வேண்டும். உள்ளெடுக்கும் காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சர் இன்டர்கூலருக்குப் பின்னால் இருப்பது கட்டாயம். சுப்பர்சார்ஜருக்கு முன்னால் வைத்தால், இன்னும் சூடேறாத காற்றை அளந்து அது பொய் சொல்லும். அந்தப் பொய்யை நம்பி, எஞ்சினை ஆளும் கணினியான ஈசீயூ தீப்பொறியை முந்த வைக்கும்.

கடைசியாக இன்டர்கூலரும் புல்லியும். தொயோட்டா எஞ்சினுக்கு மேலே வைத்த காற்றால் குளிரும் சிறிய இன்டர்கூலர், கார் ஓடினால் வேலை செய்யும். பம்பலப்பிட்டிச் சந்தியில் நின்றால் எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு தானே அடுப்பாகிவிடும். அதனால் தண்ணீரால் குளிரும் வகைக்குப் போகிறேன். சில லீற்றர் தண்ணீர், சில விநாடி பூஸ்டின் வெப்பத்தை விழுங்கிவிட்டு, பிறகு முன்னாலுள்ள சிறு ரேடியேட்டரில் மெதுவாக வெளியே விடும். நீண்ட நேரம் மிதித்தால் அதுவும் சூடேறி நிற்கும், ஆனால் கொழும்பில் நீண்ட நேரம் மிதிக்க வீதி ஏது? சுப்பர்சார்ஜரைச் சுழற்றும் பெல்ட் ஓடும் புல்லிகளைப் பொறுத்தவரை, எஞ்சினின் கிராங்கில் 150 மி.மீ., சுப்பர்சார்ஜரில் 120 மி.மீ. என்று தொடங்கினால் சுழற்சி விகிதம் 1.25. சுப்பர்சார்ஜரில் 110 மி.மீ. போட்டால் 1.36, ஒன்பது சதவீதம் கூடுதல் காற்று, அதற்குரிய சூடும் கூடவே. இரண்டையும் கடைந்து வைத்திருக்கிறேன். 120ஐப் பூட்டி, ஒரு ஏப்ரல் மத்தியானத்தில் காலி வீதி நெரிசலிலிருந்து வெளியேறி முழு பூஸ்டில் இழுக்கும்போது சென்சர் 60 பாகையைத் தாண்டாவிட்டால் மட்டுமே 110 காருக்குள் போகும்.